குடுவைக்குள் வந்த வானவில்

அன்புள்ள அம்மாவுக்கு, மடத்திலிருந்து மகன் ரைன்பெர்ட்டின் வணக்கம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? நான் சுகம்.

வானவில்லில் சிவப்பு ஏன் எப்போதும் மேலேயே இருக்கிறது என்று பார்க்க, ஜன்னலில் கண்ணாடிக் குடுவை நிறையத் தண்ணீர் வைத்தேன். நிறங்கள் வந்தன. கூடவே வெயில் குவிந்து, அருகில் காயப்போட்டிருந்த மடத்துத் தலைவரின் அங்கியில் ஓட்டை விழுந்துவிட்டது.

“கடவுள் வானத்துல காட்டுறது உனக்குப் போதலையாப்பா?” என்றார் தலைவர்.

“போதும் சாமி. ஆனா அது நிக்க மாட்டேங்குதே.”

இப்போது சாப்பாட்டுக்கு எனக்குத் தனி மேசை, இடம் தாராளம். மன்னிப்புக் கேட்கும்வரை யாரோடும் பேச்சு கிடையாது. அங்கிக்காகக் கேட்டுவிட்டேன். குடுவைக்காகவும் கேட்கச் சொல்கிறார், அதுதான் வரவில்லை.

பாலாடைக்கட்டி கொண்டுவரும் வெரின்ஹர் மாமாவிடம் கம்பளிக் காலுறை கொடுத்தனுப்புங்கள். மணி அடிக்கிறது. மாமாவை வாசலில் நின்று என் பெயரைச் சத்தமாகக் கூப்பிடச் சொல்லுங்கள். பதில் சொல்லத்தான் எனக்குத் தடை, கேட்பதற்கு இல்லை.

ரைன்பெர்ட்