பெலுரு கொடி எதுவரை போகிறது

1926 பிப்ரவரி 8, திங்கள்
காலையில் தூறல். தோட்டத்தில் ரப்பர் போட வெட்டப்போகும் புதுக் காட்டில் மரம் எண்ணும் வேலை. ஓடையோரம் ஒரு பெலுரு கொடி. அடி என் தொடைப் பருமன், தட்டையாக முறுக்கிக்கொண்டு மேலே போகிறது. இலையெல்லாம் உச்சியில், கீழே நின்றால் ஒன்றும் தெரியாது. பட்டையைத் தட்டினால் நுரை. மலாய்க்காரப் பெண்கள் தலைக்குத் தேய்ப்பார்கள். என் வீட்டுக்காரி செல்லம்மாளுக்குக் கொஞ்சம் எடுத்து வந்தேன். காலில் அட்டை, மூன்று.

பிப். 9, செவ்.
துரையிடம் சொன்னேன். கொடியை முதலில் அறுத்துக் காயவிட வேண்டும். இல்லையென்றால் ஒரு மரம் விழும்போது மற்றதையும் இழுக்கும். சிரித்தார். அதுதான் வேண்டுமாம். எல்லாவற்றையும் பாதி வெட்டி வைத்து, ஒன்றைச் சாய்த்தால் போதுமாம். வெட்டு ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் வேறு: "கிராணி ஐயா, நீங்க பேனாவப் புடிங்க. கோடாலிய நாங்க புடிக்கிறோம்லா."
சனியன்! அந்த ஆட்களில் செல்லம்மாளின் தம்பி கண்ணையனும் ஒருவன். சேர்த்துவிட்டதே நான்தான்.

பிப். 10, புதன்
நல்ல வெயில். அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலி. கொடி ஏறின மரங்கள்: மெரந்தி இரண்டு, கெம்பாஸ் ஒன்று, பேர் தெரியாதது இரண்டு. ஐந்தும் ஓடைக்கு இந்தப் பக்கம். அந்தப் பக்கம் ஒரு பெரிய மெரந்தி. அடிமரத்தைச் சுற்றி வந்து பார்த்தேன், கொடி இல்லை. கண்ணையனைக் கூட்டிப் போய் அந்த மரத்தடியைக் காட்டினேன்.
"நாளைக்கு மரம் சாயுறப்ப இங்க வந்து நின்னுக்க. வேற எங்கயும் ஓடாத."
"சரி மச்சான். எத்தன வாட்டி சொல்லுவீங்க!"

பிப். 11, வியா.
விழுந்தன. ஐந்து அல்ல, ஆறு. ஆறாவது, ஓடைக்கு அந்தப் பக்கத்து மெரந்தி. கோடாலியே படாத மரம். வேரோடு வந்துவிட்டது. விழுந்த உச்சியில் பெலுருக் காய்கள், கை நீளம். கொடி மேலேயே மரத்துக்கு மரம் தாவி ஓடையைத் தாண்டியிருக்கிறது. எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லையே.
மற்றவர்கள் மேட்டுக்கு ஓடித் தப்பித்தார்கள். கண்ணையனையும் கூப்பிட்டிருக்கிறார்கள். "மச்சான் இங்கதான் நிக்கச் சொன்னாரு" என்று நின்றானாம். மரத்தை அறுத்து எடுக்க இரண்டு மணி நேரம். உயிர் இல்லை.

பிப். 13, சனி
மழை. நேற்று அடக்கம்.
துக்கம் கேட்க வருகிறவர்களிடமெல்லாம் செல்லம்மாள் அழுதுகொண்டே சொல்கிறாள்: "இவரு படிச்சுப் படிச்சுச் சொன்னாரே அக்கா. கேட்டானா, பாவிப் பய!"
பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன். கேட்டான் என்று சொல்ல வாய் வரவில்லை.