ரோடுன்னு மட்டும் கேட்டேன்

இருக்கன்குடி மாரியம்மன் துணை.

அண்ணன் மக, அன்பு மருமகளுக்கு அத்தை எழுதிக்கிறது. டெல்லியில நேரத்துக்குச் சாப்பிடு தாயி. எம் மக பிரீத்திகா எந்த வருசம் படிக்கான்னு கேட்டிருந்தே. அதைப் பொறவு சொல்லுதேன்.

அரசாங்கம் எதுக்குப் பணம் போட்டா ஏழை சனத்துக்கு நல்லதுன்னு நீ எழுதுன ஆராய்ச்சியை உங்க அப்பா வாசிச்சுச் சொன்னாக. நம்ம ஊருக்கு ரோடு வந்தபொறவு வேலைக்குப் போற பொம்பளைக கூடியிருக்காகன்னு எழுதியிருக்கியாம். நெசந்தான். முன்னெல்லாம் மழை பேஞ்சா பட்டாசுக் கம்பெனி வேன் ஊருக்குள்ள வராது, நான் கோயிலுக்குப் போயிருவேன். இப்ப மேலுக்கு முடியலன்னாலும், "வாசல் வரைக்கும் ரோடு போட்டாச்சு, இன்னும் என்ன சாக்கு மதினி? ஏறுங்க"ன்னு டிரைவர் சிரிக்கான்.

அந்த ரோட்டுக்கு மாவிளக்கு நேந்துக்கிட்டதே நான்தான். பிள்ளை சாத்தூர் காலேஜுக்குப் போய்வரணும்னு வேண்டினேன். ஆத்தாகிட்ட ரோடுன்னு மட்டும் கேட்டேன், பஸ்ஸுன்னு கேக்கத் தெரியல. ரோடு வந்துச்சு, பஸ் வரல. வேன்தான் வருது. அது கம்பெனிக்கு மட்டுந்தான் போகும்.

நீ எழுதுன அந்தக் கூடுன பொம்பளைகள்ல பிரீத்திகாவும் ஒருத்தி. அடுத்து எழுதும்போது பஸ்ஸைப் பத்தி ஒரு வரி சேத்துக்கோ தாயி, பெரியவுக வாசிப்பாகள்ல.

வேன்காரன் ஹாரன் அடிக்கான், ரெண்டு பேரும் கிளம்பணும். எங்களை ஒரே வெடிமருந்து ரூம்ல போடாதீகன்னு போர்மேன்கிட்டச் சொல்லி வச்சிருக்கேன். உன் மாமாவுக்குச் சோறு பொங்க ஒருத்தியாவது வேணும்ல.

உன் அத்தை