மேடத்தின் சொந்தக் குரல்

மார்ச் 4, செவ்வாய்
இன்று முழுக்க அழுதேன். மூன்றாவது ரீல் டப்பிங், கணவன் செத்த காட்சி. திரையில் மேடத்தின் உதடு துடிக்கும் இடத்தில் என் மூச்சு போய்ச் சரியாக உட்கார வேண்டும். ஒன்பது டேக் ஆனது. கதை, இயக்கம், நடிப்பு எல்லாம் அவர்தான். குரல் மட்டும் பதினேழு வருஷமாக நான். அவருடைய சொந்தக் குரல் கீச்சென்று இருக்கும், அதை அவரே சொல்லிச் சிரிப்பார். "நீ இல்லேன்னா நான் ஊமைப்படம்" என்றார் இன்றைக்கும்.

வீட்டுக்காரரிடம் பெருமையாகச் சொன்னேன். டைட்டில்ல பேர் போடுவாங்களா என்று கேட்டார். வழக்கமான கேள்வி. வழக்கம்போல் நானும் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன்.

மார்ச் 5
தொண்டை கட்டிவிட்டது. ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டில் எல்லாருக்கும் நிம்மதி.

ஆகஸ்ட் 19
இயக்கத்துக்கு இரண்டு விருது, திரைக்கதைக்கு ஒன்று, வெளிநாட்டு விழாவில் ஒரு கேடயம். மேடத்தின் அலுவலக அலமாரியில் இடமில்லாமல் ஃபைல்களை இறக்கித் தரையில் வைத்திருக்கிறார்கள். அவரிடம் இல்லாதது ஒன்றே ஒன்று, நடிப்புக்கான பெரிய விருது. அதற்கு நடிகரே சொந்தக் குரலில் பேசியிருக்க வேண்டும் என்று விதி. அதனால் இத்தனை வருஷமும் அந்தப் பக்கமே போனதில்லை. இந்த முறை மார்ச்சில் நான் அழுத படத்தை அனுப்பியிருக்கிறாராம். எப்படி?

ஆகஸ்ட் 22
எப்படி என்று தெரிந்துவிட்டது. மேடம் எங்கள் வீட்டுக்கே வந்தார், இதுதான் முதல் தடவை. நாற்காலியில் கிடந்த துணிகளை அள்ளி உள்ளே போடுவதற்குள் உட்கார்ந்தேவிட்டார். கையில் ஒரு தாள். 'வசனங்கள் அனைத்தையும் கதாநாயகியே பேசினார், நான் உச்சரிப்புக்கு மட்டும் உதவினேன்' என்று இருந்தது. ஒலிப்பதிவாளர் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தார். மிச்சம் நான்தான்.

"அறுபது வயசாகப் போகுது எனக்கு. இது ஒண்ணுதான் பாக்கி. உன்னை விட்டா வேற யார்கிட்ட கேப்பேன்?"

அழுதார். அந்தக் கீச்சுக் குரலில். அந்த முகத்தின் அழுகைக்கு நான் குரல் கொடுத்துத்தான் பழக்கம், சும்மா உட்கார்ந்து கேட்க முடியவில்லை. போட்டுவிட்டேன். அடுத்த படத்தில் டைட்டிலில் உன் பெயர் தனியாக வரும் என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

வீட்டுக்காரர் நாற்காலித் துணிகளை மடிக்க ஆரம்பித்தார். திட்டியிருந்தால் தேவலை.

அக்டோபர் 11, சனி
கிடைத்துவிட்டது. 'குறிப்பாக, அழுகையை அடக்கும் அந்தக் குரல்' என்று நடுவர் குழு எழுதியிருக்கிறதாம். செய்தியை இரண்டு தடவை படித்தேன். சந்தோஷமா என்று கேட்டால் — இல்லை.

அக்டோபர் 13
அது எங்கம்மா குரல் என்று மகள் வகுப்பில் சொல்லியிருக்கிறாள். பொய் சொல்லக் கூடாது என்று டீச்சர் கண்டித்தாராம். கண்ணெல்லாம் சிவந்து வந்து, நீயே வந்து சொல்லும்மா என்றாள். டீச்சர் சொன்னதுதான் சரி என்று சொல்லிவிட்டேன். வேற என்ன சொல்ல? கையெழுத்துப் போட்டாச்சே. பெத்த பொண்ணையே பொய்க்காரி ஆக்கிட்டேனே. பத்து வயசுடி உனக்கு.

டிசம்பர் 2
வேறு ஒரு ஸ்டூடியோவில் சோப்பு விளம்பரம். இரண்டு வரி பேசினேன், நிறுத்திவிட்டார்கள்.

"அந்த மேடம் மாதிரியே பண்றீங்க. விருது வாங்கின குரல், கேஸ் போட்ருவாங்க. உங்க சொந்தக் குரல்ல பேசுங்களேன்."

இதுதாங்க என் குரல் என்று வாய் வரை வந்தது. மென்று விழுங்கினேன். மூக்கால் பேசிப் பார்த்தேன், கரகரவென்று பேசிப் பார்த்தேன். கூப்பிடுகிறோம் என்று அனுப்பிவிட்டார்கள்.

டிசம்பர் 20
மூன்றாவது இடத்திலும் அதே கதை. மிமிக்ரியாம்.

ஜனவரி 15
மேடத்தின் மேனேஜர் ஃபோன் செய்தார். புதுப் படத்தில் மேடமே பேசுகிறார். மறுபடி வேறு ஆள் பேசியது வெளியே தெரிந்தால் வாங்கிய விருதுக்கே வில்லங்கமாம். தொண்டையில் அறுவை சிகிச்சை, அதனால் குரல் மாறிவிட்டது என்று பேட்டியும் கொடுத்தாயிற்று. டைட்டிலில் பெயர் என்ற பேச்சே வரவில்லை. மேடம் லைனுக்கு வரவில்லை. அவர் மேல் கோபமா? கோபம்தான். என் மேல் இருக்கும் அளவுக்கு இல்லை.

மார்ச் 9
கூட்டத்துக்குக் குரல் கொடுக்க ஆள் கேட்டார்கள், போனேன். எட்டுப் பேர். போன பிறகுதான் தெரிந்தது, மேடத்தின் படம். திரையில் அவர் மேடையேறிக் கீச்சுக் குரலில் பேசுகிறார், கீழே ஜனம் வாழ்க வாழ்க என்று கத்த வேண்டும். மூன்று டேக்கும் சரிவரவில்லை. எங்கள் பழைய ஒலிப்பதிவாளர்தான். கண்ணாடி அறையிலிருந்து எழுந்து வந்து, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"உங்க குரல் மட்டும் தனியாத் தெரியுதுக்கா. நீங்க கத்த வேண்டாம். கை மட்டும் தட்டுங்க."

பின்வரிசைக்குப் போய் நின்று தட்டினேன். அடுத்த டேக் ஓகே ஆகிவிட்டது.