பக்கத்தில் நிற்கிற எலும்பு

மார்ச் 3

சுண்டுவின் அம்மாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம் என்று எழுதிவிட்டு ரொம்ப நேரம் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தேன். எல்லோரும் என்றால் நானும் சுண்டுவும்தான். அதில் பாதிப் பேருக்கு நலமில்லை.

கொஞ்ச நாளாகப் பிள்ளை ஒரு பக்கம் சாய்ந்து நடந்தாள். புதுச் செருப்பு கடிக்கிறது என்று நினைத்து, என் மூளைக்கு எட்டிய வைத்தியமாகச் செருப்பை மாற்றினேன். போன வாரம் பள்ளிக்கூட மைதானத்தில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. டீச்சர் ஆள் அனுப்பினார். சாரத்திலிருந்து இறங்கி, பெயிண்ட் கையோடு ஓடினேன்.

எலும்பு டாக்டரம்மா எக்ஸ்ரே எடுத்தார். வலது தொடை எலும்பு இடுப்போடு சேருகிற இடத்தில், உள்ளே ஒரு கட்டி. எலும்பைத் தின்று வெறும் ஓடு மட்டும் மிச்சம் வைத்திருக்கிறது. வெளியே சுவர் நன்றாக இருக்கும், தட்டினால் உள்ளே பொக்கென்று சத்தம் வருமே, அப்படி.

"கட்டின்னா... அந்தக் கட்டியா டாக்டர்?" என்று கேட்டேன். அந்த நோயின் பேரைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"பார்த்தா அப்படித் தெரியல. ஆனா பார்த்ததை மட்டும் நம்பி நான் கத்தியை எடுக்கறதில்லை. ஊசி விட்டு உள்ள இருக்கறதைக் கொஞ்சம் எடுத்துப் பரிசோதிக்கணும். அதுக்கப்புறம் பேசுவோம்."

ஊசி போட்டாயிற்று. முடிவு வரவில்லை. அதுவரை அந்தக் காலைத் தரையில் ஊன்றவே கூடாதாம், ஊன்றினால் முறிந்துவிடுமாம். குளியலறைக்குத் தூக்கிக்கொண்டு போகிறேன். பதினோரு வயதாகிவிட்டதல்லவா, வெட்கப்படுகிறாள். அவளுக்காகக் கண்ணை மூடிக்கொள்கிறேன், கதவில் முட்டிக்கொள்கிறேன். "அப்பா, கண்ணை மூடுறது உள்ள போனப்புறம்" என்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை போனில் உன்னிடம் இதைச் சொல்ல வேண்டாம் என்று அவளைத் தடுத்தது நான்தான். நாம் இரண்டு பேரும் போனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்தில் சண்டை, அதனால் நமக்குள் எதுவானாலும் கடிதம்தான் என்று நீ சட்டம் போட்டாய். மீறாமல் எழுதிவிட்டேன்.

இப்படிக்கு,
சுண்டுவின் அப்பா


மார்ச் 11

சுண்டுவின் அப்பாவுக்கு,

பிள்ளைக்கு எலும்பில் கட்டி என்பதை ஸ்டாம்பு ஒட்டி அனுப்புகிற மனுஷன் நீங்கள் ஒருவர்தான். வீடு தீப்பிடித்தாலும் தபாலில்தான் சொல்வீர்களா?

இந்த முதியோர் இல்லத்தில் இரண்டு கட்டிலுக்கு நடுவே நின்றபடி படித்தேன். நான் குளிப்பாட்டி விடுகிற பெரியவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "யாரும்மா போயிட்டாங்க?" என்று கேட்டார். யாரும் இல்லை ஐயா என்று சொன்னேன். அப்படிச் சொல்ல முடிந்ததே என்று அப்புறம்தான் அழுதேன்.

உடனே போன் செய்தேன். "முடிவு இன்னும் வரலை" என்றீர்கள். "ஏன் முன்னாடியே காட்டலை?" என்றேன். "பக்கத்துல இருந்திருந்தா நீயே காட்டியிருக்கலாமே" என்றீர்கள். வைத்துவிட்டேன். நான் போட்ட சட்டம் சரிதான்.

விடுப்பு கேட்டிருக்கிறேன். இப்போது போனால் வேலை நிரந்தரமாவது தள்ளிப்போகும் என்கிறார் மேலாளரம்மா. தள்ளிப்போகட்டும். நான் வருகிறேன்.

பிள்ளையைப் பொய் சொல்லப் பழக்காதீர்கள். போன ஞாயிற்றுக்கிழமை எனக்குப் பாட்டெல்லாம் பாடிக் காட்டினாள்.

சுண்டுவின் அம்மா


மார்ச் 19

சுண்டுவின் அம்மாவுக்கு,

முதலில் நல்ல சேதி. கெட்ட கட்டி இல்லை. புற்றுநோய் இல்லை, வேறு இடத்துக்குப் பரவாது. இனிமேல் அந்த வார்த்தையைத் தைரியமாக எழுதலாம். டாக்டரம்மா சொன்னதும் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டேன். "சிரிச்சு முடிச்சிட்டு உட்காருங்க, பாக்கி இருக்கு" என்றார்.

பாக்கி இதுதான். சாதுவான கட்டியானாலும் அது எலும்பை விடாமல் தின்கிறது. எலும்பில் ஒரு ஜன்னல் மாதிரி வெட்டி, உள்ளே இருப்பதைச் சுரண்டி எடுக்க வேண்டும். ஒரு துளி மிச்சம் வைத்தாலும் திரும்ப வளரும் என்பதால் சுற்றிலும் தீய்த்துவிடுவார்களாம். பிறகு அந்தக் குழியை நிரப்ப வேண்டும். சுரண்டி, பூசி, ஆற விடுவது. கேட்கும்போது என் தொழில் மாதிரிதான் இருந்தது. சுவர்க் குழியைப் பட்டி பூசி அடைக்கிற நினைப்பில் எதில் நிரப்புவீர்கள், பட்டியா என்று கேட்டுவிட்டேன். அவருக்குப் பட்டி என்றால் மாட்டுக்குப் போடுவதுதான் தெரியும் போலிருக்கிறது. என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

எலும்பில்தான் நிரப்ப வேண்டும். சுண்டுவின் இடுப்பிலிருந்து எடுத்தால் இவ்வளவு பெரிய குழிக்குக் காணாது. எலும்பைச் சேமித்து வைக்கிற வசதி இந்த ஆஸ்பத்திரியில் இல்லை. பெற்றவர்களில் ஒருவரிடமிருந்து எடுத்து வைப்பது இவர்கள் வழக்கம். நம் முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பு இருக்கிறதாம். ஒன்று உடம்பைச் சுமக்கிறது. இன்னொன்று ஒல்லியாகப் பக்கத்தில் நிற்கிறது. அதில் ஒரு சாண் எடுத்தாலும் மனுஷன் நடக்கலாம்.

"அதுக்குப் பெரிசா வேலை இல்லை, கூட நிக்கும், அவ்வளவுதான்" என்றார்.

"எங்க வீட்ல அது நான்தான் டாக்டர், எடுத்துக்குங்க" என்றேன்.

ஆகவே நான் தருகிறேன். ரத்தம் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். நீ வர வேண்டாம். உன் வேலை நிரந்தரமாகட்டும். பிள்ளையை நான் பார்த்துக்கொள்கிறேன்.

சுண்டுவின் அப்பா


மார்ச் 28

சுண்டுவின் அப்பாவுக்கு,

கெட்டதில்லை என்ற வரியை எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது. அந்த டாக்டரம்மா நன்றாக இருக்கட்டும்.

நீ வர வேண்டாம் என்ற வரியையும் படித்தேன். நல்ல மனசோடுதான் எழுதியிருப்பீர்கள். ஆனால் நான் இங்கே கிளம்பிய அன்று வாசலில் நின்று, "போனவ போனவளாவே இரு" என்றீர்களே, எனக்கு அதே குரல்தான் கேட்டது. பிள்ளைக்கு எலும்பு வைப்பதில்கூட என் பங்கு தேவைப்படவில்லை என்று எடுத்துக்கொண்டேன்.

விடுப்பை ரத்து செய்துவிட்டேன். நிரந்தரமாக்க வேண்டுமானால் இன்னும் மூன்று வருஷம் இருப்பதாகக் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். ஜூலை முடிவதற்குள் சொல்ல வேண்டும். போட்டுவிடலாம் என்றிருக்கிறேன்.

மயக்கம் தெளிந்ததும் சுண்டு தண்ணீர் கேட்பாள். கெஞ்சினாலும் நர்ஸ் சொல்லாமல் கொடுக்காதீர்கள். நீங்கள் இளகிவிடுவீர்கள். உதட்டை மட்டும் ஈரத்துணியால் துடையுங்கள். உங்கள் காலையும் தலையணை வைத்து உயர்த்தியே வைத்திருங்கள்.

சுண்டுவின் அம்மா


ஏப்ரல் 6

சுண்டுவின் அம்மாவுக்கு,

என் எலும்பு வேண்டாமாம்.

என் ரத்தத்தில் மஞ்சள் காமாலைக் கிருமி இருக்கிறது. எப்போது வந்தது, யார் கொடுத்தார்கள், தெரியாது. எனக்கு ஒன்றும் செய்யாமல் சும்மா குடியிருக்கிறது. ஆனால் என் எலும்பைப் பிள்ளைக்குள் வைத்தால் அவளுக்குப் போய்விடும். அவளுக்கும் ரத்தம் பார்த்துவிட்டார்கள், சுத்தம். நீயும் அங்கேயே பார்த்துக்கொள். இதைக் கட்டாயம் செய்.

டாக்டரம்மா சொன்னபோது, "பரவாயில்ல டாக்டர், வயசான எலும்பு, எப்படியும் தள்ளுபடிதான்" என்றேன். வெளியே வந்து ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் உட்கார்ந்தவனால் எழுந்திருக்க முடியவில்லை. ஒரு சாண் எலும்பு. அதைக்கூடப் பெற்ற பிள்ளைக்குக் கொடுக்க லாயக்கில்லாமல் போனேனே என்று இருந்தது.

நேற்று சுண்டு தூக்கத்தில் புரண்டு கத்தினாள். எக்ஸ்ரேயில் எலும்பு ஓட்டில் ஒரு கீறல் தெரிகிறது. இன்னும் முறியவில்லை. தள்ளிப்போடாதீர்கள் என்கிறார்கள்.

எழுத வேண்டியதை இன்னும் எழுதாமல் சுற்றிக்கொண்டிருக்கிறேன். வர வேண்டாம் என்று சொன்ன வாயாலேயே கேட்கிறேன். நீ வர வேண்டும். அந்த எலும்பை நீ தர வேண்டும். கனம் தூக்குகிற வேலை உனக்கு. கொஞ்ச காலம் தூக்க முடியாது. வேலையே போனாலும் போகும். தெரிந்துதான் கேட்கிறேன்.

இதைத் தபாலில் போட்டுவிட்டு நாளைக்குப் போனும் செய்வேன். "ரத்தம் பார்த்துட்டு உடனே கிளம்பு" என்பது மட்டும் அதில் இருக்கும். அதற்குமேல் பேசினால் நான் ஏதாவது உளறுவேன். முறையாகக் கேட்டது இந்தக் கடிதத்தில்தான்.

சுண்டுவின் அப்பா


ஏப்ரல் 14

சுண்டுவின் அப்பாவுக்கு,

உங்கள் போன் வந்தது. சொன்னபடியே ஒரு வாக்கியம் பேசிவிட்டு வைத்தீர்கள். இன்று கடிதமும் வந்தது.

ரத்தம் பார்த்தாயிற்று. சுத்தம். வேலையைப் பிடித்துவைப்பதாக மேலாளரம்மா சொல்லவும் இல்லை, மாட்டேன் என்று சொல்லவும் இல்லை. அடுத்த வாரம் வருகிறேன். எனக்கு எங்கே படுக்கை என்று யோசிக்க வேண்டாம். சுண்டுவின் கட்டிலுக்குக் கீழே ஒரு பாய் போதும்.

உங்கள் கிருமிக்கு டாக்டரைப் பார்த்தீர்களா? அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நான் வருவதற்குள் பார்த்திருக்க வேண்டும்.

லாயக்கில்லை என்றெல்லாம் எழுதாதீர்கள். பிள்ளையை இத்தனை நாள் தரையில் கால் படாமல் தூக்கிக்கொண்டு அலைந்தது யார்?

சுண்டுவின் அம்மா


ஜூலை 9

அன்புள்ள உனக்கு,

நேற்று எக்ஸ்ரே எடுத்தார்கள். உன் எலும்பு பிள்ளையின் தொடைக்குள் வெள்ளையாக நிற்கிறது. விளிம்பெல்லாம் மங்க ஆரம்பித்திருக்கிறது. கெட்டுப்போகிறதோ என்று பயந்து கேட்டேன். "ஒட்டுதுங்க. அவ எலும்பு கொஞ்சம் கொஞ்சமா உள்ள புகுந்து அதைத் தன்னோடதா ஆக்கிக்கும். சில வருஷம் கழிச்சு எது அம்மாவோடது, எது பொண்ணோடதுன்னு எனக்கே தெரியாது" என்றார் டாக்டரம்மா. கட்டி திரும்ப வருகிறதா என்று மட்டும் அடிக்கடி வந்து காட்டச் சொன்னார். பாதிப் பாரம் ஊன்றி நடக்கலாம். ஒற்றை ஊன்றுகோலோடு வராந்தாவில் நடந்து காட்டினாள். அங்கே காத்திருந்தவர்கள் கை தட்டினார்கள். நான் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் போய் முகம் கழுவிக்கொண்டேன்.

உன் கால் எப்படி இருக்கிறது? படியேறும்போது இழுக்கிறதா? சுண்டுவிடம் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வாய் என்று தெரியும்.

ஆபரேஷன் அன்று நடந்த ஒன்று உனக்குத் தெரியாது. நீ மயக்கத்தில் இருந்தாய். இரண்டு தியேட்டர் எதிரெதிரே. ஒரு கதவுக்குப் பின்னால் நீ, ஒரு கதவுக்குப் பின்னால் அவள், நடுவில் பெஞ்சில் நான். ஒரு நர்ஸ் உன் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு வெளியே வந்தார். கையில் பச்சைத் துணி மூடிய ஒரு கிண்ணம். என் எதிரே நாலு எட்டு நடந்து அவள் கதவுக்குள் போய்விட்டார். அது என்னவென்று புரிந்ததும் எழுந்து நின்றேன். அந்தக் கதவு மூடி, ஆடி நிற்கும்வரை நின்றேன். பிறகும் உட்கார மனம் வரவில்லை. நீ போனதிலிருந்து எத்தனையோ பேரிடம் எத்தனையோ விதமாக உன்னைப் பற்றிப் பேசியிருக்கிறேன். அத்தனையும் அந்த நாலு எட்டில் போயிற்று.

இதை உன்னிடம் ஆஸ்பத்திரியிலேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்ல இடமும் கொடுத்தாய். வீட்டுக்குக் கிளம்பிய அன்று லிப்டுக்காக நின்றோம். சுண்டு சக்கர நாற்காலியில். நீ வாக்கரைப் பிடித்தபடி என்னைப் பார்க்காமல், "அந்தக் கையெழுத்தைப் போடட்டுமா, வேண்டாமா? சொல்லுங்க" என்றாய்.

நான் என்ன சொன்னேன்? "ரெண்டு நொண்டியை வச்சுக்கிட்டு நான் என்ன பண்ணுவேன், ஒருத்தராவது சம்பாதிக்கட்டும்." அதற்குள் திறந்த லிப்டுக்குள் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். பாயைச் சுருட்டி வைத்துவிட்டு நீ வேலைக்குத் திரும்பிப் போன பிறகுதான், நீ சிரித்தது அவர்கள் சிரித்ததற்காகத்தான் என்று எனக்குப் புரிந்தது. பயமான இடத்தில் எல்லாம் எனக்கு வாயில் வேடிக்கைதான் வருகிறது. டாக்டரம்மாவுக்கு அது பழகிவிட்டது. உனக்கு ஏன் பழக வேண்டும்?

கையெழுத்தைப் பற்றி நீ கேட்கவில்லை. நான் உன்னை இருக்கச் சொல்வேனா என்று கேட்டாய். லிப்ட் கதவு மூடுவதற்குள்ளேயே எனக்கு அது தெரியும்.

இரு என்று சொல்கிறேன். சுண்டுவுக்காகக் கேட்கவில்லை. அவள் நடக்கப் போகிறாள், பிறகு ஓடுவாள், எங்கேயாவது போவாள். நான் எனக்காகத்தான் கேட்கிறேன். இது உன் கைக்கு வருவதற்குள் கையெழுத்துப் போட்டிருந்தாயானால் அந்தக் காலத்தை முடித்துக்கொண்டு வா. நடுவில் என்றைக்குக் கேட்டாலும் என் பதில் இதுதான்.

வீட்டுக்கு வா.

உன் வீட்டுக்காரன்