பென்சில் புள்ளி வைத்த பட்டியல்

அன்பு மச்சான்,

உங்கள் புத்தகங்களை விற்றுவிட்டேன். பதினோரு தேயிலைப் பெட்டியும் நேற்று லொறியில் போய்விட்டன. அக்கா முன்னால்தான் ஏற்றினோம்.

கோபப்படாமல் கேளுங்கள். நீங்கள் கண்ணை மூடியதிலிருந்து, உங்கள் மருந்துச்சாலை வேலைக்கு வரும் புது டிஸ்பென்சருக்கு வீட்டை விடச் சொல்லித் தோட்டத்து ஆபீசிலிருந்து ஆள் மேல் ஆள். அக்கா என்னோடு வந்துவிடுவாள். பெட்டிகள்? ஹட்டனில் என் கடை மாடியில் வெங்காயத்துக்கே பூஞ்சணம் பிடிக்கிறது.

கொழும்பிலிருந்து ஒரு தரகர் வந்தார். பணக்காரர் ஒருவரின் சொந்த நூலகத்துக்கு அரிய நூல்கள் தேடிக் கொடுப்பவராம். நீங்கள் எழுதிய பட்டியலைக் கேட்டார். கொடுத்தேன். அதில் இருந்ததெல்லாம், தொழிலாளர் லயங்களுக்கு நீங்கள் மருந்து கொண்டுபோன இடத்தில் சனங்கள் சாமிப் படத்துக்குப் பின்னாலிருந்து எடுத்துத் தந்த கும்மிப் பாட்டுகள், தொழிற்சங்கத்து நோட்டீசுகள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் தந்தவர் பெயர், தோட்டம். அவர் அதையெல்லாம் படிக்கவில்லை. கேட்காமலே பென்சிலால் அங்கங்கே புள்ளி வைத்துக்கொண்டு போனார்.

"புள்ளி வச்சது மட்டும் போதும். மிச்சம் குப்பை."

அவர் சொன்ன விலை எனக்குப் பிடித்திருந்தது. உங்களிடம் என்ன மறைப்பு?

தேத்தண்ணியோடு வந்த அக்கா நின்றுவிட்டாள். "தம்பி, இவரு பொறுக்கிட்டுப் போனா மிச்சத்த அடுப்புலயா வைக்கிறது? றொசல்லத் தோட்டத்து முத்தம்மா குடுத்தது குப்பையாமா?"

"மாசக் கடைசியில வீட்ட விடணுமேம்மா. யோசிங்க" என்றார் அவர், சிரித்தபடி.

அந்தச் சிரிப்புதான் என்னைக் கிளப்பியது. நான் காய்கறி யாவாரி. நல்லதைப் பொறுக்கவிட்ட மூட்டை அப்புறம் என்ன ஆகும் என்று எனக்கா தெரியாது?

"சரிங்க. மொதல்ல இந்தப் பட்டியல அச்சடிச்சு கண்டி, யாழ்ப்பாணம், மெட்ராஸ்னு பழைய புத்தகம் வாங்குறவங்களுக்கு அனுப்புறேன். நீங்க வச்ச புள்ளியையும் சேத்தே போட்டுர்றேன். எது ஒசத்தின்னு நாலு பேருக்குத் தெரியட்டுமே."

புள்ளிகளை அழிக்க அவர் கை அழிறப்பரைத் தேடியது. பட்டியலை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

தரகர் போனை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனார். பனிமூட்டத்தில் ஆள் தெரியவில்லை. கார்க் கதவு திறக்கும் சத்தம் மட்டும் கேட்டது. போய்விட்டால் வேறு யார் வருவார்கள் மச்சான்? பெட்டிகளை மழையிலா வைப்பது?

அக்கா என் காதோரமாகக் கேட்டாள்: "கண்டியில ஒனக்கு யாரடா தெரியும்?"

"வெங்காயக் கடைக்காரங்களத்தான்."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

கார் கிளம்பவில்லை. திரும்பி வந்தவர் உட்காராமலே கேட்டார்: "முழுசா எவ்வளவு?"

நீங்களாக இருந்தால் விற்றிருப்பீர்களா? தெரியவில்லை. பேசி முடித்து, தமிழில் எழுதி, கையெழுத்து வாங்கியது இதுதான்: பதினோரு பெட்டிக்கும் பதினோரு லட்சம், லொறி நகரும் முன்பே அக்கா கையில். ஒரு தாளைக்கூடப் பிரித்து விற்கக் கூடாது. தந்தவர்கள் பெயரும் தோட்டமும் அந்தப் பணக்காரரின் நூலகப் பட்டியலிலும் இருக்க வேண்டும். நூலகத்துக்குப் பட்டியலின் நகல்தான், புள்ளி வைத்த அசல் என் கடைப் பெட்டகத்தில். வருஷத்துக்கு ஒரு தடவை அதை எடுத்துக்கொண்டு அந்த நூலகத்துக்குப் போவேன், எல்லாம் இருக்கிறதா என்று ஸ்டொக் எடுக்க. புள்ளி இல்லாததில் இருந்துதான் ஆரம்பிப்பேன். அவர்கள் கதவைத் திறந்துவிட வேண்டும்.

உங்கள் பெண்சாதியின் தம்பி,
உங்கள் மச்சினன்