ஞாயிற்றுக்கிழமை இரைச்சல்

அன்புள்ள பாப்பாவுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருக்க வேண்டும், எனக்கு வேண்டியது அது ஒன்றுதான். இங்கே என் உடம்புக்கு ஒன்றும் இல்லை, காது மட்டும்தான் படுத்துகிறது. போனில் சொல்ல வாய் வராததால் எழுதுகிறேன், முழுவதும் படித்துவிட்டு என்னை என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்.

அப்பா போய் மூன்று மாதம் கழித்து இது ஆரம்பித்தது. இடது காதில் ஙொய் என்று ஒரு இரைச்சல், சில சமயம் ஒரு மணி நேரம் இருக்கும், சில சமயம் மறுநாள் வரை இழுக்கும், பிறகு சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும். முதலில் ஃபிரிட்ஜ் கெட்டுவிட்டது என்று நினைத்து மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். அவர் அதன் பின்னால் போய்க் கேட்டுவிட்டு, ஃபிரிட்ஜ் நல்லாத்தான் இருக்கு, நீங்க டாக்டரைப் பாருங்க என்று சொல்லிவிட்டுப் போனார். டாக்டரோ காதில் அடைப்பு எதுவும் இல்லை, எதனால் வருகிறது என்று பார்க்க ஒரு நோட்டுப் போடுங்கள் என்றார். சத்தம் வந்த நாள், நேரம், அன்று எத்தனை காபி, உப்பு அதிகமா, தூங்கினேனா, முட்டி வலிக்கு மாத்திரை போட்டேனா, எல்லாம் எழுத வேண்டுமாம். எனக்குக் கடை மேல்தான் சந்தேகம், கண்ணாடி லென்ஸ் தேய்க்கிற மெஷின் பக்கத்திலேயே பதினெட்டு வருஷம் உட்கார்ந்திருக்கிறேனே. முதலாளியிடம் சொல்லி ஃபிரேம் மாட்டும் மேஜைக்கு மாறினேன், இரைச்சல் மாறவில்லை. காபியை இரண்டு வாரம் நிறுத்திப் பார்த்தேன், எல்லோர் மேலும் எரிந்து விழுந்ததுதான் மிச்சம். கடைசியில் முதலாளியே, அக்கா, காது எப்படியோ போகட்டும், நீங்க காபி குடிச்சிடுங்க என்று கும்பிட்டுவிட்டார்.

இரண்டு வாரத்துக்கு முன்னால் உன் சித்தி வந்தபோது நோட்டைப் புரட்டிப் பார்த்தாள். ஏன்க்கா, எல்லாம் ஞாயித்துக்கிழமையாவே இருக்கே, அன்னைக்குக் கடையே கிடையாதே என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஞாயிறுதோறும் நீ பதினோரு மணிக்குக் கூப்பிடுவாய், நோட்டில் சத்தம் ஆரம்பித்த நேரம் பன்னிரண்டு, பன்னிரண்டரை என்று எழுதியிருக்கிறது. டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். காதுக்கு முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து மூடச் சொன்னார். தாடை கல்லு மாதிரி இருக்கும்மா, பேசும்போது பல்லைக் கடிச்சுக்குவீங்களா, அது காரணமா இருக்கலாம், உறுதியாச் சொல்ல முடியாது என்றார். அவருக்கு உறுதி இல்லை, எனக்கு இருந்தது.

உன் குரலைக் குற்றம் சொல்லவில்லை பாப்பா. அப்பா கடைசியில் என்னைக் கேட்டாரா என்று நீ ஒவ்வொரு வாரமும் கேட்கிறாய், நானும் பல்லைக் கடித்துக்கொண்டு, இல்லம்மா, தூக்கத்திலயே போயிட்டார் என்கிறேன். போன வாரம் நீ, அப்பாவுக்கு என் மேல கோபம் தீரவே இல்ல போல, போகாதன்னு சொல்லியும் இவ்வளவு தூரம் கிளம்பி வந்துட்டேன்ல என்று அழுதாய். அன்று ஆரம்பித்த இரைச்சல் புதன்கிழமை வரை நிற்கவில்லை. அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

அப்பா உன்னைக் கேட்டார். சாதாரண சளிக்காய்ச்சல் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். புதன்கிழமை காலையில், பாப்பாவுக்கு ஒரு போன் போடேன் என்றார். நீ போன புதிதில் நான் ஒரு செவ்வாய்க்கிழமை சும்மா கூப்பிட்டதற்கு, என்னவோ ஏதோ என்று பதறி வேலையைப் போட்டுவிட்டு வெளியே ஓடி வந்து பேசினாயே, அன்றிலிருந்து ஞாயிறு தவிர போன் கிடையாது என்று சட்டம் போட்டதே நான்தான். அதனால், இப்ப கூப்பிட்டா அவ பயந்துடுவா, ஞாயித்துக்கிழமை பேசலாம் என்றேன். வியாழக்கிழமை மறுபடி கேட்டார், மறுபடியும் அதையே சொன்னேன். என்ன விஷயம், நான் சொல்லிடறேன் என்றதற்கு, விஷயம் ஒண்ணுமில்ல, அவ குரலைக் கேக்கணும் என்றார். வெள்ளிக்கிழமை மத்தியானம் நான் வெந்நீர் எடுத்து வருவதற்குள் போய்விட்டார். போன் அவர் தலைமாட்டில்தான் இருந்தது. எடுத்துக் கொடுக்க எனக்கு அரை நிமிஷம் ஆகியிருக்காது. உன் நல்லதுக்குத்தான் செய்தேன் என்று எனக்கு நானே எத்தனை தடவை சொல்லிப் பார்த்தாலும் மனசு கேட்கவில்லை. கோபமாக இருந்தவர் குரலைக் கேட்க ஆசைப்படுவாரா? குறுக்கே நின்றது நான்தான், அவர் இல்லை. மன்னித்துவிடு என்று கேட்கக்கூட எனக்கு வாய் இல்லை.

நீங்கள் இரண்டு பேரும் ஒரு குறையும் இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். காலையில் வெறும் வயிற்றோடு வேலைக்கு ஓடாதே, மாப்பிள்ளையிடம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே. இதைப் படித்த பிறகு என்னோடு பேசப் பிடிக்காவிட்டால் பேசாதே, நான் தப்பாக நினைக்க மாட்டேன். ஆனால் அப்பா என்னைக் கேட்கவே இல்லை என்று மட்டும் இனிமேல் யாரிடமும் சொல்லாதே. இரண்டு நாளும் உன்னை மட்டும்தான் கேட்டார்.

இப்படிக்கு,
உன் அம்மா