சொந்த வீடு உண்டா என்று கேட்கிறார்கள், வாப்பா

மண்ணுக்குள் அயர்ந்து கிடக்கும் என் வாப்பாவுக்கு, அல்லாஹ் உங்கள் கபுறை விசாலமாக்கட்டும்.

மூத்த மகன் வெளிநாட்டில் என்ன கிழிக்கிறான் என்று கேட்பீர்கள். ஒன்றும் கிழிக்கவில்லை. உங்கள் மருமகள் றிஸ்வானா முதியோர் இல்லமொன்றில் வேலை செய்கிறாள். அவளுடைய விசாவில் தொற்றிக்கொண்டு வந்தவன் நான். வேலை செய்ய எனக்குத் தனி அனுமதி வேண்டுமாம். அது வரும்வரை ஒரு கோப்பை கழுவிக் கூலி வாங்கினாலும் குற்றம். இருபது வருடம் லொறி ஓட்டிய கை, ஏழு மாதமாக ஜன்னல் திரையை இழுத்துக்கொண்டிருக்கிறது.

விண்ணப்பத்தைப் பார்த்தால் சிரிப்பீர்கள். என்னை எந்தக் கட்டிலில் பெற்றீர்கள் என்பதைத் தவிர எல்லாம் கேட்டிருக்கிறார்கள். அதில் ஒரு கேள்வி: ஊரில் சொந்த வீடு உண்டா?

நம் கல்முனையில் எந்த ஆம்பிளைக்கு வாப்பா சொந்த வீடு? வீடு பெண்பிள்ளைக்கு. மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு போய் ஏறுவான். நீங்கள் சம்மாந்துறை அரிசி ஆலையில் மூட்டை சுமந்து என் மூன்று தங்கச்சிமாருக்கும் மூன்று வீடு கட்டினீர்கள். கடைசியில் சின்னவளின் வீட்டு முன்னறையில் கண்மூடி மௌத்தானீர்கள்.

இதை அப்படியே எழுதியிருக்கலாம். எனக்குத்தான் வெட்கம். இங்கே பள்ளிவாசலில் படிவம் நிரப்பித் தரும் அண்ணன் வயதுள்ள நம் ஊர்க் காக்கா ஒருவர் இருக்கிறார். வந்து முப்பது வருடமாம். வெள்ளைக்காரனுக்கே தான்தான் மூளை கொடுத்த மாதிரி நினைப்பு.

"பொண்டாட்டிட ஊட்டுல இரிக்கன் எண்டு எழுதினா இவனுகள் ஒன்ன மனிசனா மதிப்பானுகளா? ஒண்ட பேருல எண்டு போடு. அவனுகளுக்கு என்ன வெளங்கும்?"

போட்டேன். மடையன், போட்டேன்.

அவர்களுக்கு விளங்கியது. வீட்டு உறுதிப் பத்திரத்தை அனுப்பு என்று கடிதம் வந்தது. உறுதி றிஸ்வானாவின் பேரில். வேறு வழியில்லாமல் அதையே அனுப்பினேன். காக்காவுக்குப் போன் எடுத்தால், "நான் அப்படிச் சொல்லல்லயே தம்பி" என்கிறார். தூ! அவரும் அவருடைய அத்தர் வாசமும்.

பிறகு நேர்காணல். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பெண். வீட்டை மனைவி பேருக்கு மாற்றிவிட்டு மறைக்கிறாயா என்று கேட்டாள். அவளைப் பொறுத்தவரை, வீடில்லாத ஆம்பிளை ஒன்று குடிகாரன், இல்லையென்றால் கள்ளன். இந்த அறிவுக்கு ஒரு நாற்காலி, கழுத்தில் ஒரு அட்டை. இரண்டு வாரத்துக்குள் எழுத்தில் விளக்கம் கொடு, இல்லாவிட்டால் தள்ளுபடி என்றாள். தள்ளுபடியானால் நான் ஊருக்கு, றிஸ்வானா இங்கே தனியே.

வேலையால் வந்தவளிடம் சொன்னேன். சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை.

"எங்கட வாப்பா கட்டித் தந்த ஊடு. அதுல இருந்தத்துக்கு ஒங்களுக்கு இவ்வளவு காலமும் வெக்கமா இருந்திச்சா?"

"இல்ல புள்ள..."

"மறுகா என்னத்துக்குப் பொய் எழுதின நீங்க?"

காக்காவையும் அந்தப் பெண்ணையும் வாய் கிழியத் திட்டினேன், வாப்பா. மூவரிலும் கேவலமானவன் நான்தான்.

நேற்று விளக்கத்தை எழுதி அனுப்பினேன். எங்கள் ஊரில் வீடு பெண்களுடையது, என் வாப்பாவுக்கும் இருக்கவில்லை, எனக்கும் இல்லை, முதலில் எழுதியது பொய் என்று. விண்ணப்பத்தில் தகப்பனின் முகவரி என்ற இடத்தில் தங்கச்சி வீட்டைப் போட்டிருந்தேன். அதையும் திருத்தி, நீங்கள் அடங்கியிருக்கும் இடத்தை, கல்முனை, பள்ளிவாசல் மையவாடி, கிழக்குச் சுவரோரம் என்று எழுதினேன். அதற்கும் உறுதி கேட்பார்களோ?

அனுமதி வரட்டும், வராமல் போகட்டும். இனி எவன் கேட்டாலும் பொண்டாட்டி வீட்டில்தான் இருக்கிறேன் என்று தலை நிமிர்ந்து சொல்வேன். இது உங்களுக்குத் தரும் வாக்கு.

மூன்று வீடு கட்டியவரின்
வீடில்லாத மூத்த மகன்